மடியில் கனம் இருக்கத்தான் செய்யும்: ஆபீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் அந்தரங்கம்

1.
"டாக்டர், ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பச் சொல்லாதீங்க. நானே லேபுக்கு வந்து பேப்பர்ல வாங்கிக்கறேன்."

என் மாலை நேர கிளினிக்கில் ஒரு பெண் இப்படிச் சொன்னார். ஐடி கம்பெனி வேலை. புதிதாகக் கர்ப்பம். சரின்னு சொல்லிட்டேன். ஆனா வேலைப்பளுவில் அவரால் வர முடியவில்லை. ரிப்போர்ட் மூன்று வாரம் லேபிலேயே கிடந்தது. தைராய்டு அளவு சரியில்லைன்னு அதில் தெளிவா இருந்தது.

2.
முதல் மூன்று மாதம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பி வேலை செய்யாது. அம்மாவிடமிருந்து வருவதுதான் அதற்கு. அந்த நேரத்தில் மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் போவது சின்ன விஷயம் இல்ல.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் காரணத்தைச் சொன்னதும் மூடிக்கொண்டேன். அந்தக் காரணத்துக்காகத்தான் இந்த நீளமான இழை. கடைசி வரைக்கும் படிங்க. (அவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3.
இது அவருக்கு இரண்டாவது கர்ப்பம். முதல் முறை, ஏழாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறந்து பார்த்தார். அம்மாவுக்கு அனுப்பினார். மூடிட்டார். மொத்தம் ரெண்டு நிமிஷம்.

அந்த லேப்டாப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும் கண்காணிப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

4.
மறுநாள் டீம் லீட் சிரிச்சுக்கிட்டே "கங்கிராட்ஸ்" சொன்னாராம். கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல. "இந்த நேரத்துல உனக்கு டென்ஷன் வேணாம்மா"ன்னு, அவர் ஆறு மாசமாக் காத்திருந்த புது ப்ராஜெக்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். அதுவும் கரிசனத்தோடு!

ஒன்பதாவது வாரம் கரு கலைந்துவிட்டது. ப்ராஜெக்ட் போனது போனதுதான். அதற்குள் விஷயம் தெரிந்தவர்கள் பதினைந்து பேர். ஒவ்வொருத்தரும் "எத்தனாவது மாசம்?"னு கேட்கக் கேட்க, பதினைந்து தடவை அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்.

5.
நம்ம வீடுகளில் பாட்டிமார் என்ன சொல்வாங்க? "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்." இதை மூடநம்பிக்கைன்னு நினைக்காதீங்க. உறுதியான கர்ப்பங்களிலேயே 100க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அந்தத் துக்கத்தை ஊர் முன்னால் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் பாட்டி அந்தக் கதவைச் சாத்தி வைத்தார்.

பாட்டி சாத்தின கதவை ஒரு மென்பொருள் திறந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

6.
இந்தக் கதையை எங்கே சொன்னாலும் முதல் கேள்வி இதுதான்: "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏன் சொந்த மெயிலைத் திறந்தாங்க?"

கவனிச்சீங்களா? படம் எடுத்தவரைக் கேட்கவில்லை. அதை உட்கார்ந்து பார்த்தவரைக் கேட்கவில்லை. மற்றவர்களிடம் சொன்னவரையும் கேட்கவில்லை. கேள்வி எல்லாம் அந்தப் பெண்ணுக்கு மட்டும்.

7.
சரி, அதற்கே பதில் சொல்றேன். காலையில் 8 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்கு வீடு திரும்பும் ஒருவர், ஆஸ்பத்திரி, பேங்க், இன்சூரன்ஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் இதையெல்லாம் எப்போது பார்ப்பார்? இவை எல்லாமே ஆபீஸ் நேரத்தில்தான் திறந்திருக்கின்றன.

சில இடங்களில் செல்போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். அவர் கைக்கு எட்டுவது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

8.
இன்னொன்னு. எல்லையை முதலில் தாண்டியது யார்? உங்க சொந்த நம்பரில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தது யார்? ராத்திரி 11 மணிக்கு "அர்ஜெண்ட், பார்த்தீங்களா?"ன்னு கேட்பது யார்? ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் லேப்டாப்பைத் திறக்க வைப்பது யார்?

உங்க சொந்தப் போனுக்குள் ஆபீஸ் வரலாம். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் உங்க சொந்த வாழ்க்கை ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்தால் மட்டும் குற்றமா?

9.
அடுத்த வாதம், நம்ம ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்: "மடியில் கனம் இல்லைன்னா வழியில் பயம் எதுக்கு?"

இந்தப் பழமொழியை நாம் தலைகீழாகப் புரிஞ்சுக்கிட்டோம். மடியில் கனத்தோடு போகிறவன் திருடனா? இல்லைங்க. அது அவன் சம்பாதித்த பணம். வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு போகிறான். அவன் பயப்படுவது வழிப்பறிக்காரனுக்கு. அந்தப் பயத்தைக் காரணம் காட்டி அவனையே குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

10.
இத்தனை வருட மருத்துவத் தொழிலில் மடியில் கனம் இல்லாத மனிதரை நான் பார்த்ததே இல்லை. சர்க்கரை, வலிப்பு, மூலம், மனச்சோர்வு மாத்திரை, குழந்தையின்மை சிகிச்சை, எச்ஐவி டெஸ்ட், டிபி, விவாகரத்து வழக்கு, அப்பாவின் கடன்.

இதில் எது குற்றம்? ஒன்றுமே இல்லை. இதில் எது மேனேஜருக்குத் தெரிஞ்சா அடுத்த இன்க்ரிமென்ட்டில் இடிக்கும்? யோசிச்சுப் பாருங்க.

11.
ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் வெறும் மரியாதை இல்லை. அதுவே சிகிச்சையின் பகுதி. நோயாளி பயந்தால் உண்மையைச் சொல்ல மாட்டார். உண்மை தெரியாமல் நான் எழுதும் மாத்திரை குருட்டு மாத்திரை. டெஸ்ட் எடுக்கப் பயப்படுவார், எடுத்தாலும் ரிப்போர்ட்டைத் திறக்கப் பயப்படுவார்.

அந்தத் தைராய்டு ரிப்போர்ட் மூன்று வாரம் கிடந்ததற்குக் காரணம் அலட்சியம் இல்ல. பயம். சூடு கண்ட பூனை அவர்.

12.
கம்பெனிப் பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்லல. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியது நினைவிருக்கா? ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுத வேண்டி வந்தது. தவறான ஒரு இணைப்பை யாரோ ஒருவர் திறந்தால் போதும், ஒரு நிறுவனமே படுத்துவிடலாம்.

வைரஸைத் தடுங்கள். வாடிக்கையாளர் தகவல் வெளியே போகாமல் பாருங்கள். ஆபீஸில் ஜிமெயிலே திறக்காதபடி பூட்டணுமா? பூட்டுங்க. அதில் ஒரு நேர்மை இருக்கு. திறக்க விட்டுவிட்டு ஒளிந்திருந்து படிப்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

13.
"மெஷின் எங்களுது, நாங்க பார்ப்போம்" என்பார்கள்.

வீடு வீட்டு ஓனருடையது. சுவர், கதவு, குழாய், எல்லாம் அவருடையது. அதற்காக, வாடகைக்கு இருப்பவர் குளிக்கும்போது எட்டிப் பார்க்கும் உரிமை ஓனருக்கு இருக்கா? குழாய் ஒழுகினால் சொல்லிவிட்டு வந்து பார்க்கலாம். கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். பொருள் அவங்களுது. அதில் ரெண்டு நிமிஷம் தெரிந்த உங்க கர்ப்பப்பை அவங்களுது இல்ல.

14.
இனி, இது எப்படியெல்லாம் நடக்குதுன்னு பார்ப்போம். நோயைத் தடுக்கணும்னா அது பரவும் வழி தெரியணும்.

வழி ஒன்று: திரையைப் படம் எடுக்கும் மென்பொருள். வாட்ஸ்அப்பில் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் நடுவே யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனா அந்தப் பூட்டு செய்தி போகும் வழியில்தான் இருக்கு. உங்க கண் முன்னால் திரையில் விரிந்த பிறகு, திரையைப் படம் எடுப்பவருக்குப் பூட்டே கிடையாது.

15.
வழி இரண்டு: நெட்வொர்க். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழைப் போட்டு வைத்திருந்தால், போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்த்து மறுபடி மூடி அனுப்ப முடியும். உங்களுக்குப் பூட்டுப் படம் அப்படியேதான் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது: பேங்க், மருத்துவத் தளங்களைப் பிரிக்காமல் விட்டுவிடும் வசதி இதே கருவிகளில் இருக்கு. பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆக, மனசு இருந்தா முடியும்.

16.
வழி மூன்று: குரோம். ஆபீஸ் குரோமில் உங்க சொந்தக் கணக்கைப் போட்டு சிங்க் ஆன் செய்தால், வீட்டில் சேமித்த பாஸ்வேர்டுகள், நேற்று ராத்திரி தேடியது, புக்மார்க், எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கும். "மார்பில் கட்டி வலிக்குமா"ன்னு நீங்க வீட்டுப் படுக்கையில் தேடியதும் அதில் வரும்.

வழி நான்கு: மறதி. லாக் அவுட் பண்ணாத வாட்ஸ்அப் வெப், டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும் ஸ்கேன் ரிப்போர்ட், பிரிண்டரில் எடுக்க மறந்த பேப்பர். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

17.
"நான் இன்காக்னிட்டோல தானே டாக்டர் பார்த்தேன்?" இதை என்னிடமே நிறைய பேர் சொல்லியிருக்காங்க. அது அந்த பிரவுசரில் வரலாறு சேமிக்காது. அவ்வளவுதான் அதன் வேலை. நெட்வொர்க்கில் இருப்பவருக்கும் திரையைப் படம் எடுப்பவருக்கும் அதனால் ஒரு தடையும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டுப் பால் குடிக்கிற பூனை மாதிரி.

18.
இப்போ சட்டம். 2017 ஆகஸ்ட் 24: புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று.

சரியாக 12 நாள் கழித்து, செப்டம்பர் 5: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பார்புலெஸ்கு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ருமேனியாவின் புக்காரெஸ்ட்டில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாஹூ மெசஞ்சர். கம்பெனி அவருடைய பேச்சுகளை ஒரு வாரத்துக்கு மேல் பதிவு செய்து 45 பக்கம் பிரிண்ட் எடுத்தது. அண்ணன் தம்பிப் பேச்சு, கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு பேச்சு, உடல்நிலை, எல்லாம் அதில். பிறகு வேலையை விட்டு நீக்கியது.

19.
அந்தக் கம்பெனியில் கண்டிப்பான விதி இருந்தது, சொந்த வேலைக்கு கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று. அப்படியும் கோர்ட் ஊழியர் பக்கமே நின்றது. கேட்ட கேள்விகள்: கண்காணிப்பதை முன்கூட்டியே சொன்னீங்களா? எவ்வளவு தூரம் பார்ப்பீங்கன்னு சொன்னீங்களா? உள்ளடக்கத்தையே படிக்க என்ன அவசியம்? இதைவிடக் குறைவாகப் பார்த்துக் காரியத்தை முடித்திருக்க முடியாதா?

வேலைக்குச் சேர்ந்ததால் ஒருவருடைய சொந்த வாழ்க்கை பூஜ்யம் ஆகிவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

20.
அமெரிக்காவில் பொதுவாகச் சட்டம் முதலாளி பக்கம்தான் சாயும். அங்கேயே, 2010 மார்ச்சில், நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் ஒரு நர்சிங் இயக்குநருக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. அவர் கம்பெனி லேப்டாப்பில் தன் சொந்த யாஹூ மெயிலைத் திறந்து வக்கீலுக்கு எழுதியிருந்தார். வேலையை விட்டு வழக்குப் போட்டதும், கம்பெனி அந்த லேப்டாப்பைத் துருவி, பிரவுசர் தானாகச் சேமித்திருந்த நகல்களை எடுத்துவிட்டது.

பாஸ்வேர்டு போட்ட சொந்தக் கணக்கில் வக்கீலிடம் பேசியதைப் படித்திருக்கக் கூடாது என்றது கோர்ட். வக்கீலிடம் பேசியதற்கு அந்தப் பாதுகாப்பு என்றால், டாக்டரிடம் பேசியதற்கு?

21.
நம்ம நாட்டில்? புட்டசாமி தீர்ப்பு முதன்மையாக அரசுக்கு எதிரான கவசம். தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேணும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம்.

அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கு. "வேலை சார்ந்த நோக்கம்", "முதலாளியை இழப்பிலிருந்து காப்பது" என்றால் ஊழியரின் சம்மதமே இல்லாமல் தரவைப் பயன்படுத்தலாம். எது வேலை சார்ந்த நோக்கம்? ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து ப்ராஜெக்ட்டை மாற்றுவதுமா?

22.
இன்னொரு பின்னடைவும் இருக்கு. 2011ஆம் ஆண்டு ஐடி சட்ட விதிகளில் மருத்துவ விவரங்கள், மனநலம், பாஸ்வேர்டு இதெல்லாம் "உணர்திறன் மிக்க தகவல்" என்று தனிப் பட்டியலில் இருந்தன. புதுச் சட்டத்தில் அந்தத் தனிப் பட்டியலே கிடையாது. உங்க எச்ஐவி ரிப்போர்ட்டும் உங்க பின்கோடும் அதன் கண்ணுக்கு ஒரே ஜாதி.

23.
எங்களைப் பாருங்க. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை நான் வெளியே சொன்னால், 2021 திருத்தத்தின்படி எனக்கு ஓராண்டு வரை சிறை. மனநல நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 சட்டத்தின்படி நோயாளியின் உரிமை. எச்ஐவி விவரத்துக்கும் தனிச் சட்டம். இது எல்லாமே சரி. இருக்கணும்.

ஆனா அதே ரிப்போர்ட்டை ஆபீஸ் திரையில் பார்த்து ஊரெல்லாம் சொன்னவருக்கு? "கங்கிராட்ஸ்" சொல்லிட்டுப் போகலாம்.

24.
இவ்வளவு பேசும் நான் யோக்கியனா? இதைச் சொல்லாமல் இழையை முடித்தால் அது பொய்.

சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. நர்சிங் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வாட்ஸ்அப் வெப்பை மூட மறந்துவிட்டார். நைட் டூட்டி முடிந்து, கண்ணெல்லாம் எரிய, வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் நிர்வாகத்தில் ஒருவர் அதைப் பார்த்தார். மூடவில்லை. உட்கார்ந்து மேலே மேலே தள்ளிப் படித்தார். போனில் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டார். எட்டுப் பக்கம்.

25.
நர்ஸ்கள் தங்களுக்குள் டபுள் டூட்டியைப் பற்றிப் புலம்பியதுதான் பெரும்பாலும். சம்பளம் லேட், லீவு இல்லை, சூப்பர்வைசர் கத்துறாங்க. எந்த வார்டிலும் கேட்கிற பேச்சு. அதோடு, அந்த சிஸ்டர் தன் அக்காவுக்கு எழுதிய நாலு வரியும் இருந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதைப் பற்றி.

மீட்டிங் கூட்டினார்கள். அந்த எட்டுப் பக்கம் மேஜையில் சுற்றி வந்தது. என்னிடம் திரும்பி ஒருவர் கேட்டார்: "டாக்டர், இந்த மாத்திரை சாப்பிடுறவங்களை ஐசியூல போடலாமா?"

26.
நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இந்தப் பேப்பரை முதல்ல கிழிங்க. இதைப் படிக்கவே உங்களுக்கு உரிமை இல்ல." அதைச் சொல்லவில்லை. பேப்பரை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை பெயரைப் படித்தேன். "சின்ன டோஸ்தான் சார், வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றேன்.

அவருக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் என் நோயாளியே இல்லை. அவர் அனுமதி இல்லாமல், அவர் இல்லாத அறையில், அவர் நோயைப் பற்றிக் கருத்து சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இது உறைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

27.
அவரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். எதற்கு மன்னிப்பு? டபுள் டூட்டி பார்த்ததற்கா? ஐசியூவிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள். ரெண்டு மாசத்தில் வேலையை விட்டுவிட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "சார், நீங்களும் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

படிச்சேன்னு சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

28.
அதனால்தான் சொல்றேன்: இதைச் செய்கிறவர்கள் எல்லாம் வில்லன்கள் இல்ல. அந்த டீம் லீட் நல்லவர். நானும் நல்லவன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பார்க்க ஒரு வசதி கையில் இருந்தால், நல்லவர்களும் பார்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டால், பார்க்காத மாதிரி நடக்க யாராலும் முடியாது. ஆகவே நல்ல மனசை நம்பிப் பிரயோஜனம் இல்ல. விதி வேணும்.

29.
முதலாளிகளே, ஹெச்ஆர் நண்பர்களே, மருத்துவமனை நிர்வாகிகளே, நான் கேட்பது ஐந்தே விஷயம்.

ஒன்று: எதைப் பார்க்கிறீர்கள், எப்படி, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று ஒரே பக்கத்தில், ஊழியருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்க. நாற்பது பக்க ஒப்பந்தத்தின் முப்பத்தேழாவது பக்கத்தில் ஒளிக்காதீங்க.

இரண்டு: திறந்து கிடக்கும் சொந்தக் கணக்கைப் பார்த்தால் மூடுங்க. கீழே விழுந்த பர்ஸை எடுத்துக் கொடுப்பது போல. படிக்காதீங்க.

மூன்று: மருத்துவ விவரம் தற்செயலாகக் கண்ணில் பட்டால், யாரிடமும் சொல்லக்கூடாது, அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. வாழ்த்து உட்பட.

30.
நான்கு: திரைப் படங்களை யார் யார் பார்க்கலாம் என்று வரம்பு வைங்க. யார் பார்த்தார் என்ற பதிவும் இருக்கட்டும். பார்ப்பவரையும் ஒருவர் பார்க்கணும் இல்லையா?

ஐந்து: சொந்த வேலைக்குத் தினமும் கொஞ்ச நேரம், சொந்தப் போனில், வெளிப்படையா விடுங்க. செக்யூரிட்டி லாக்கரில் போனைப் பூட்டும் இடங்களில், கண்காணிப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரை ஒரு மூலையில் வைங்க. ஒரு மெஷின் விலை, அவ்வளவுதான்.

31.
ஊழியர்களுக்கு. சட்டம் சரியாகும் வரை தற்காப்பு உங்க கையில்தான். இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கங்க.

• மருத்துவம், பேங்க், வக்கீல், குடும்பம்: இந்த நாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். சொந்தப் போன், சொந்த டேட்டா. ஆபீஸ் வைஃபை வேண்டாம்.
• ஆபீஸ் குரோமில் சொந்தக் கணக்கின் சிங்க்கை ஆன் செய்யாதீங்க. "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் சொல்லுங்க.
• குரோம் மெனுவில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்தால், அது ஜன்னலுக்குத் திரை இல்லாத அறை என்று வைத்துக்கொள்ளுங்க.

32.
• லேப், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் எதற்கும் ஆபீஸ் மெயில் ஐடி கொடுக்காதீங்க. வேலை போனால் அந்த மெயிலும் போகும், அதிலுள்ள ரிப்போர்ட்டும் போகும்.
• அவசரத்துக்குத் திறந்தே ஆக வேண்டி வந்தால்: டவுன்லோடு வேண்டாம், பிரிண்ட் வேண்டாம், முடிந்ததும் லாக் அவுட். திரையைப் படம் எடுக்கும் மென்பொருள் இருந்தால் இதுவும் காப்பாற்றாது என்பதை மறக்காதீங்க.
• ராஜினாமா கொடுக்கும் முன்பே எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறிடுங்க. பல இடங்களில் அன்றைக்கே லேப்டாப்பைப் பூட்டிடுவாங்க. கம்பெனி ஃபைல்களை அழிக்கவோ எடுத்துப் போகவோ வேண்டாம். அது வேற வம்பு.

33.
யாராவது உங்க பாஸ்வேர்டைப் பயன்படுத்தி உங்க கணக்குக்குள் நுழைந்தால்? நேர்மையற்ற நோக்கத்தோடு இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவது ஐடி சட்டம் 66சி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "ஆபீஸ் மெஷின்ல சேமிச்சிருந்துச்சு"ன்னு சொன்னால் மட்டும் அது சரியாகிவிடாது. பயப்படாமல் எழுத்தில் கேளுங்க. தனியாக முடியாதுன்னா நாலு பேர் சேர்ந்து கேளுங்க.

34.
அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தாச்சு. இப்போது அளவு சரியா இருக்கு. ஐந்தாவது மாதம். ஆபீஸில் அவரே, அவர் விரும்பின நாளில், அவர் வாயாலேயே சொன்னார். "இந்தத் தடவை நானே சொன்னேன் டாக்டர்" என்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கணும்.

35.
கடைசியா ஒரு வேலை. இப்பவே போனில் வாட்ஸ்அப்பைத் திறங்க. அதில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்". உங்களுக்குத் தெரியாத, அல்லது நீங்க மறந்துபோன ஒரு கம்ப்யூட்டர் அங்கே இருந்தால் லாக் அவுட் செய்யுங்க. அப்புறம் கூகுள் கணக்கில் "பாதுகாப்பு", "உங்கள் சாதனங்கள்". அங்கேயும் அதே.

உங்க வார்டில், உங்க ஆபீஸில், யாராவது மூட மறந்த திரையைப் பார்த்தால், படிக்காமல் மூடிவிட்டு அவரிடம் சொல்லுங்க. அன்றைக்கு அந்த நர்சிங் ஸ்டேஷனில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால், ஒரு நல்ல ஐசியூ நர்ஸ் இன்னும் அங்கேயே இருந்திருப்பார்.